மேடை விளக்குகளும் ஒரு நீண்ட ஒயரும்

1881ம் ஆண்டு டிசம்பர் 8ம் தேதி, வியன்னா நகரம். ரிங் தியேட்டரில் ஓஃபன்பாக் இசையமைத்த 'ஹாஃப்மனின் கதைகள்' ஆப்பெராவின் இரண்டாவது காட்சி. ஜனங்கள் வந்து இருக்கைகளில் உட்கார்ந்துகொண்டிருக்கிறார்கள். மேடைக்கு மேலே வரிசையாகத் தொங்கும் எரிவாயு விளக்குகளைப் பற்றவைக்க வேண்டும். ஏணி வைத்து ஆள் ஏறிப் பற்றவைத்த காலம் போய், கீழே நின்றபடியே மின்பொறி தட்டிப் பற்றவைக்கும் வசதி அங்கே வந்துவிட்டிருந்தது. முதல் தடவை தட்டினார்கள், பற்றவில்லை. ஆனால் வாயு மட்டும் வெளியேறிக்கொண்டே இருந்தது. மறுபடி தட்டியபோது தேங்கி நின்ற வாயு குப்பென்று பிடித்து, பக்கத்தில் தொங்கிய திரைகளுக்குத் தாவியது.

அதன்பிறகு நடந்ததுதான் இன்னும் கொடுமை. வெடித்துவிடுமோ என்ற பயத்தில் எரிவாயுவை மொத்தமாக மூடினார்கள். கட்டடம் முழுக்க ஒரே நொடியில் இருட்டு. இப்படிப்பட்ட நேரத்துக்கென்றே மாடிப்படிகளிலும் நடைகளிலும் எண்ணெய் விளக்குகள் இருந்தன. அவை எரியவில்லை. புகையிலும் இருட்டிலும் வழி தெரியாமல் நூற்றுக்கணக்கானோர் இறந்துபோனார்கள்.

தீ விபத்து என்றுதான் வரலாறு இதை எழுதி வைத்திருக்கிறது. ஆனால் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால், விளக்குக் கட்டுப்பாடு தோற்றுப்போன கதையும் இதற்குள் இருக்கிறது. கீழிருந்து கொடுத்த கட்டளை மேலே போய்ச் சேரவில்லை. சேரவில்லை என்பது கொடுத்தவருக்குத் தெரியவில்லை. ஒரே இடத்தில் மூடியதும் எல்லாமே அணைந்தது. மாற்று ஏற்பாடு இருந்தது, ஆனால் தயார் நிலையில் இல்லை. இன்றைக்கு ஒரு நாடக அரங்கில் விளக்குகளுக்கு நெட்வொர்க் போடும் ஆளைக் கேட்டால், அவருடைய தலைவலிகளும் இதே நான்குதான்!

சவாய் தியேட்டரின் முன்ஜாக்கிரதை

வியன்னாவில் தீ எரிந்து இருபதே நாட்களில், டிசம்பர் 28ம் தேதி, லண்டன் சவாய் தியேட்டரின் மேடை முழுவதும் மின்விளக்குகளால் ஒளிர்ந்தது. அக்டோபரில் தியேட்டர் திறந்தபோதே பார்வையாளர் பகுதிக்கு மின்சாரம் வந்துவிட்டது. ஜெனரேட்டர் போதாததால் மேடை மட்டும் அதுவரை எரிவாயுவில் ஓடிக்கொண்டிருந்தது. ஜோசப் ஸ்வானின் பல்புகள், மொத்தம் சுமார் 1200. உரிமையாளர் ரிச்சர்ட் டோய்லி கார்ட் மேடையில் நின்று, எரியும் பல்பு ஒன்றைத் துணியில் சுற்றி உடைத்துக் காட்டினார். துணி பற்றவில்லை. கூட்டம் ஆரவாரம் செய்தது.

எல்லாரும் இந்தப் பல்பு உடைத்த கதையைத்தான் சொல்வார்கள். அதைவிட முக்கியமான ஒன்றை கார்ட் சத்தமில்லாமல் செய்திருந்தார். மின்சாரம் கைவிட்டால் என்ன செய்வது என்று யோசித்து, கட்டடம் முழுக்க எரிவாயுக் குழாயும் போட்டு, நடுவிலுள்ள பெரிய விளக்கில் ஒரு சிறு சுடர் எப்போதும் எரிந்துகொண்டே இருக்க ஏற்பாடு செய்திருந்தார். அணைந்து கிடக்கும் மாற்று ஏற்பாடு மாற்று ஏற்பாடே இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

கையிலிருந்து விளக்குக்கு

எரிவாயு நாட்களிலேயே விளக்குகளை ஓரிடத்திலிருந்து ஆட்டுவிக்கும் வழக்கம் வந்துவிட்டது. மேடைக்குப் பக்கவாட்டில் 'கேஸ் டேபிள்' என்று ஒன்று இருக்கும். மேடையின் ஒவ்வொரு பகுதிக்கும் போகும் குழாய்களின் திருகுகள் எல்லாம் அங்கே. ஒருவர் நின்று திருகினால் பகல் இரவாகும், இரவு விடியலாகும்.

மின்சாரம் வந்ததும் திருகுக்குப் பதில் ரெசிஸ்டன்ஸ் டிம்மர். சில இடங்களில் உப்புத் தண்ணீர் ஜாடிக்குள் உலோகத் தகட்டை ஏற்றி இறக்கி வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்தார்கள். (ஆமாம், நிஜமான உப்புத் தண்ணீர்தான். காட்சி நீண்டால் சூடாகி ஆவி பறக்கும்.) நியூயார்க் பிராட்வேயில் பெரிய மரப்பெட்டிக்குள் வரிசையாகக் கைப்பிடிகள் வைத்த டிம்மர்கள். பார்க்கப் பியானோ மாதிரி இருந்ததால் 'பியானோ போர்டு' என்று பெயர். ஒரு பெரிய நாடகத்துக்கு இப்படிப் பல பெட்டிகள், பல ஆட்கள். கையும் காலும் முழங்கையும் பயன்படுத்தி ஒரே நேரத்தில் பல கைப்பிடிகளை இழுப்பார்கள். விளக்குக்குப் போகும் மின்சாரம் முழுவதும் அந்தக் கைக்குப் பக்கத்திலேயே ஓடியது. நெட்வொர்க் என்று எதுவும் தேவைப்படவில்லை. ஆட்களுக்கு நடுவே ஒரு கண்ஜாடை போதும்.

பிரச்சினை என்னவென்றால், இந்தப் பெட்டிகள் இருந்த மூலையிலிருந்து மேடை சரியாகத் தெரியாது. விளக்கை இயக்குபவருக்கே விளக்கு எப்படி விழுகிறது என்று தெரியாத நிலை. ஆகவே கட்டுப்பாட்டை முன்னால், பார்வையாளர் பக்கம் கொண்டுவர வேண்டும். அப்படிக் கொண்டுவந்தால் கைக்கும் டிம்மருக்கும் நடுவே தூரம் விழும். அந்தத் தூரத்தை நிரப்பப் போராடிய கதைதான் அடுத்த எண்பது தொண்ணூறு வருடங்கள்.

1935ல் ஸ்ட்ராண்ட் நிறுவனத்தின் ஃப்ரெட் பென்தம் ஒரு விசித்திரமான இயந்திரம் செய்தார். சர்ச்சுகளிலும் சினிமா கொட்டகைகளிலும் வாசிக்கும் ஆர்கனின் உடம்பை எடுத்து, அதன் கட்டைகளை விளக்குகளோடு இணைத்தார். டிம்மர்கள் எங்கோ இருக்கும், மோட்டார் அவற்றை நகர்த்தும், ஆள் மட்டும் இங்கே உட்கார்ந்து 'வாசிப்பார்'. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஐஸனவர் 1947 வாக்கில் தைரட்ரான் என்ற வால்வுகளை வைத்து, சின்ன மின்னழுத்தத்தால் பெரிய விளக்குகளை ஆளும் முறையைக் கொண்டுவந்தார். 1960களில் வால்வு இருந்த இடத்துக்குத் தைரிஸ்டர் வந்தது. டிம்மர் சிறுத்தது, விலையும் இறங்கியது, எண்ணிக்கை பெருகியது.

பெருகியதும் ஒயர் பிரச்சினை. அந்த முறையில் ஒரு டிம்மருக்கு ஒரு ஒயர். பூஜ்யம் வோல்ட் என்றால் இருட்டு, 10 வோல்ட் என்றால் முழு வெளிச்சம். 96 டிம்மர் என்றால் 96 ஒயர், கூடவே பொதுவாக ஒன்று. எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டினால் கேபிள் முன்கை பருமனுக்கு வரும். ஆனால் இதில் ஒரு நல்ல குணம் உண்டு. ஒரு ஒயர் அறுந்தால் ஒரு விளக்குதான் போகும். பின்னால் வந்த எந்த முறைக்கும் இந்த குணம் வாய்க்கவில்லை.

1975ல் பிராட்வேக்கு வந்த 'எ கோரஸ் லைன்' நாடகத்துக்கு ஒளியமைத்த தாரன் மஸர், நினைவகம் கொண்ட கம்ப்யூட்டர் கன்சோலைப் பயன்படுத்தினார். பிராட்வேயில் அதுதான் முதல் முறை. பல ஆட்கள் கைப்பிடி இழுத்துச் செய்த வேலையை ஒரு பொத்தான் செய்தது. விளக்கு மாற்றங்களை எண் போட்டுச் சேமித்துவைத்து, வேண்டும்போது அதே அளவில் அதே வேகத்தில் திரும்ப வரவழைக்கலாம். பியானோ போர்டுகளின் காலம் அதோடு முடியத் தொடங்கியது. அந்தப் பெட்டிகளுக்குப் பின்னால் நின்றவர்களின் வேலையும்தான்.

சண்டைக்காரர்கள் உட்கார்ந்து பேசிய மொழி

கன்சோல் கம்ப்யூட்டராகிவிட்டது. அப்புறம் எதற்கு நூறு ஒயர்? ஒரே ஒயரில் எல்லா எண்களையும் வரிசையாக அனுப்பலாமே! எல்லாக் கம்பெனிகளுக்கும் இந்த யோசனை வந்தது. ஆனால் ஒவ்வொருவரும் தனித்தனியாகச் செய்தார்கள். ஸ்ட்ராண்ட் செஞ்சுரி ஒரு முறை (ஏ.எம்.எக்ஸ். 192), கலர்ட்ரான் ஒரு முறை (சி.எம்.எக்ஸ்.), கிளீகல் வேறொரு முறை (கே 96). ஒருவர் கன்சோல் இன்னொருவர் டிம்மரோடு பேசாது. கம்பெனிக்கு இது லாபம். ஒருமுறை வாங்கியவர் எப்போதும் அவரிடமே வாங்க வேண்டும். ஆனால் ஊர் ஊராகப் போகும் நாடகக் குழுவுக்கு இது நரகம். கன்சோலைக் கூடவே எடுத்துக்கொண்டு போனால், அந்த ஊர் தியேட்டரின் டிம்மர் வேறு மொழி பேசும். நடுவில் மொழிபெயர்க்க ஒரு பெட்டி, அந்தப் பெட்டிக்கு ஒரு பெட்டி என்று வண்டியில் பாதி இடம் பெட்டிகளுக்கே போகும். ஒவ்வொரு பெட்டியும் கெட்டுப்போகக்கூடிய இன்னொரு இடம் வேறு.

1986ல் அமெரிக்க மேடைத் தொழில்நுட்பச் சங்கமான யு.எஸ்.ஐ.டி.டி., போட்டிக் கம்பெனிகளின் பொறியாளர்களை ஒன்றாக உட்கார வைத்தது. பிறந்தது டி.எம்.எக்ஸ். 512. புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. ஏற்கெனவே இருந்த கலர்ட்ரான் முறையை ஒட்டி, வேகத்தைக் கூட்டி, எல்லாரும் ஒப்புக்கொள்ளும்படி ஒரு சிறிய ஆவணமாக எழுதிவைத்தார்கள். அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவுதான்' இன்று வரைக்கும் உயிரோடு இருக்கிறது.

அது வேலை செய்யும் விதம் தண்டோரா போடுவதைப் போன்றது. தண்டோராக்காரர் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டே போவார். யார் கேட்டார்கள், யார் கேட்கவில்லை என்று நின்று விசாரிக்க மாட்டார். டி.எம்.எக்ஸ். ஒயரில் கன்சோல் நொடிக்கு 2,50,000 பிட் வேகத்தில், 1ம் எண் விளக்கிலிருந்து 512ம் எண் வரை ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255க்குள் ஒரு மதிப்பைச் சொல்லிக்கொண்டே போகும். ஒரு எண்ணுக்கு 44 மைக்ரோ நொடி. 512ம் முடிய சுமார் 23 மில்லி நொடி. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. நொடிக்குக் கிட்டத்தட்ட 44 தடவை, எதுவும் மாறாவிட்டாலும், நாடகம் முடியும் வரை ஓயாமல்.

பதில் கிடையாது. பிழை திருத்தமும் கிடையாது. கம்ப்யூட்டர் படித்தவர்கள் இதைப் பார்த்தால் முகம் சுளிப்பார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரு சுற்று பழுதாகிவிட்டால் என்ன நடக்கும்? நொடியில் நாற்பதில் ஒரு பங்கு நேரத்தில் அடுத்த சுற்று வந்து சரிசெய்துவிடும். இழை பல்பு சூடாகிக் குளிரவே அதைவிட நேரமாகும், கண்ணுக்குத் தெரியாது. ஒயரே அறுந்துவிட்டால்? பெரும்பாலான டிம்மர்கள் கடைசியாகக் கேட்ட மதிப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும். காட்சி மாறாது, ஆனால் இருட்டாகாது. மேடையில் இருப்பவருக்கு இந்த வித்தியாசம் பெரிது. பத்தடி முன்னால் இசைக்குழுவின் பள்ளம் இருக்கும்போது இருட்டில் நிற்பதும், தவறான நிறத்தில் நிற்பதும் ஒன்றில்லை. இங்கே நம்பகம் என்பது எதுவும் தொலையாது என்ற உத்தரவாதத்தால் வந்ததல்ல. தொலைந்தாலும் பரவாயில்லை என்ற அமைப்பால் வந்தது.

இதே காரணத்தால்தான், ஆபத்தான எதையும் இந்த ஒயரில் இயக்கக் கூடாது என்று அதன் ஆவணமே எச்சரிக்கிறது. வாணவெடி, தலைக்கு மேல் பாரம் தூக்கும் மோட்டார் எல்லாம் இதில் சேராது. விளக்குக்கு 'பரவாயில்லை' என்பது வெடிக்குப் பொருந்தாதல்லவா.

முதல் பதிப்பில் ஒரு சின்னத் தவறும் இருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் 'இதோ தொடங்குகிறேன்' என்று ஒரு அடையாளம், அதன்பின் ஒரு மிகச் சிறிய இடைவெளி. 1986ல் அந்த இடைவெளியை 4 மைக்ரோ நொடி என்று வைத்தார்கள். சில கருவிகளால் அதற்குள் சுதாரித்துக்கொள்ள முடியவில்லை. 1990 திருத்தத்தில் அதை 8 ஆக்கினார்கள். ஒரு நொடியில் பத்து லட்சத்தில் நான்கு பங்கு! அந்த நான்கு வருட இடைவெளியில் எத்தனை ராத்திரிகள் எத்தனை பேர் காரணம் தெரியாமல் ஒயரை மாற்றி மாற்றிப் பார்த்திருப்பார்களோ.

ஒயர் விஷயத்திலும் பிடிவாதமாக ஒரு முடிவு எடுத்தார்கள். ஐந்து முனை எக்ஸ்.எல்.ஆர். கனெக்டர்தான், மூன்று முனை கூடாது. மூன்று முனை என்பது மைக் கேபிள். தவறிப்போய் மைக்குக்கான 48 வோல்ட் விளக்குக் கருவிக்குள் போனால் அதோகதி. ஆனால் பல விளக்குக் கம்பெனிகள் விலை குறைவு என்று மூன்று முனையையே வைத்தன. மைக் கேபிளும் கைக்குச் சுலபமாகக் கிடைத்தது. அது இந்த வேகத்துக்கு ஏற்ற கேபிள் இல்லை. கடைசிக் கருவிக்கு அப்பால் 120 ஓம் டெர்மினேட்டர் ஒன்றைச் செருக வேண்டும் என்பதையும் பாதிப் பேர் மறந்தார்கள். கிணற்றுக்குள் கத்தினால் குரல் திரும்பி வருவதுபோல, திறந்த முனையில் மோதிய சமிக்ஞை திரும்பி வந்து புதிய சமிக்ஞையோடு கலக்கும். விளக்குகள் பேய் பிடித்த மாதிரி சிமிட்டும். ஒத்திகையில் நான்கு கருவி இருக்கும்போது ஒழுங்காக இருக்கும், முதல் காட்சியன்று இருபது கருவி சேர்ந்ததும் ஆட ஆரம்பிக்கும். ஒரு ஒயரில் 32 கருவிகளுக்கு மேல் தொங்கவிடக் கூடாது, நடுவில் இரண்டாகக் கிளை பிரிக்கக் கூடாது, பிரிக்க வேண்டுமானால் அதற்கென்று இருக்கும் ஸ்ப்ளிட்டர் வேண்டும். இந்த விதிகளை மீறினாலும் பல சமயம் வேலை செய்துவிடும் என்பதுதான் இதில் பெரிய ஆபத்து.

512 போதவில்லை

1986ல் 512 என்பது ராட்சத எண். எந்தத் தியேட்டரில் அத்தனை டிம்மர் இருக்கிறது என்று கேட்டிருப்பார்கள். ஆனால் 1981லேயே ஜெனிசிஸ் இசைக்குழுவின் சுற்றுப்பயணத்தில் வேரி-லைட் என்ற ஆடும் விளக்கு அறிமுகமாகியிருந்தது. அது தலையைத் திருப்பும், நிறம் மாற்றும். அந்த வகை விளக்குகள் பரவியதும் ஒரு விளக்குக்கு ஒரு எண் என்ற கணக்கு உடைந்தது. திரும்ப ஒன்று, குனிய ஒன்று, நிறத்துக்குச் சில என்று ஒரு விளக்கே முப்பது எண்களைச் சாப்பிடும். பதினேழு விளக்கோடு 512 தீர்ந்தது. அப்புறம் எல்.இ.டி. வந்து இன்னும் மோசமாக்கியது. ஒரு ஒயரின் 512ஐ 'யுனிவர்ஸ்' என்பார்கள். பிரபஞ்சம்! ஒன்று போதாமல் பத்து, ஐம்பது, நூறு பிரபஞ்சங்கள் தேவைப்பட்டன. மறுபடியும் முன்கை பருமன் கேபிள்.

கைவசம் ஈதர்நெட் இருந்தது. 1973ல் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் பிறந்து, 1990களில் ஆபீஸ்களில் எல்லாம் புகுந்துவிட்ட மலிவான முறை. விளக்குக்காரர்கள் முதலில் நம்பவில்லை. காரணம் இருந்தது. பழைய ஈதர்நெட்டில் எல்லாரும் ஒரே பாதையைப் பகிர்ந்துகொள்வார்கள். இருவர் ஒரே நேரம் பேசினால் மோதல், இருவரும் நிறுத்தி, சற்றுப் பொறுத்து மறுபடி பேச வேண்டும். எவ்வளவு பொறுக்க வேண்டும் என்பது அதிர்ஷ்டம். இமெயிலுக்குப் பரவாயில்லை. இசையின் ஒரு தட்டுக்கு விளக்கு மாற வேண்டிய இடத்தில்? ஒவ்வொரு கருவிக்கும் தனிப்பாதை தரும் ஸ்விட்ச் மலிவான பிறகுதான் மோதல் ஒழிந்தது, பயமும் தணிந்தது.

ஆனால் பழைய கதை மறுபடி. ஈ.டி.சி. ஒரு மொழி, ஸ்ட்ராண்ட் இன்னொரு மொழி. 1998ல் லண்டனில் ஆர்டிஸ்டிக் லைசென்ஸ் நிறுவனத்தின் வெய்ன் ஹவல் ஆர்ட்-நெட் என்ற முறையை எழுதி, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று விட்டார். பரவிவிட்டது. ஆரம்ப ஆர்ட்-நெட் எல்லாச் செய்தியையும் எல்லாக் கருவிக்கும் அனுப்பியது. தெருவில் ஒருவருக்கு வந்த கடிதத்தை எல்லா வீட்டுக்கும் படித்துக்காட்டுவது போல. சில யுனிவர்ஸ் வரை தாங்கும், அதற்குமேல் சின்னச் சின்னக் கருவிகள் திணறும். 2006ல் வந்த இரண்டாம் பதிப்பு இதைச் சரிசெய்தது. (ஒரு வேடிக்கை: ஆர்ட்-நெட் கருவிகள் 2 என்று தொடங்கும் ஐ.பி. முகவரிகளைத் தங்களுக்கு எடுத்துக்கொண்டன. அப்போது அந்த வரிசை யாருக்கும் ஒதுக்கப்படாமல் கிடந்தது. 2009ல் ஐரோப்பாவுக்கு ஒதுக்கிவிட்டார்கள். இன்டர்நெட்டோடு இணைக்காத வரைக்கும் தொல்லை இல்லை.)

இன்னொரு பக்கம், எல்லாக் கம்பெனிகளும் சேர்ந்து ஏ.சி.என். என்ற பெரிய கட்டமைப்பை எழுதினார்கள். 2006ல் அமெரிக்கத் தரமாக வெளியானது. ஒவ்வொரு செய்தியும் போய்ச் சேர்ந்ததா என்று உறுதிசெய்யும், கருவிகள் தங்களைத் தாங்களே விவரித்துக்கொள்ளும். அறிவாளித்தனமான வேலை. செயல்படுத்தத்தான் ஆள் அதிகம் வரவில்லை. அதிலிருந்து ஒரு எளிய துண்டை மட்டும் எடுத்து, டி.எம்.எக்ஸ். எண்களை அப்படியே பாக்கெட்டில் போட்டு அனுப்பும் எஸ்.ஏ.சி.என். முறை 2009ல் வந்தது. இது ஜெயித்தது. மறுபடியும் தண்டோராதான்! அக்னாலெட்ஜ்மெண்ட் கார்டு வைத்த ரிஜிஸ்டர் தபால் மாதிரியான டி.சி.பி. வேண்டாம், சும்மா போட்டுவிட்டுப் போகும் யு.டி.பி. போதும் என்றார்கள். அரை நொடி தாமதமாக வந்து சேரும் பழைய மதிப்பைவிட, தொலைந்துபோவதே மேல். புதியது பின்னாலேயே வருகிறதே.

ஆனாலும் பழைய தண்டோராவைவிட இதற்குக் கொஞ்சம் புத்தி அதிகம். பாக்கெட்டுக்கு வரிசை எண் உண்டு, முந்தியது பிந்தி வந்தால் தூக்கிப்போடலாம். 0 முதல் 200 வரை முன்னுரிமை எண் உண்டு, வழக்கமாக 100. மாற்று கன்சோலைக் குறைந்த முன்னுரிமையில் ஓடவிட்டுவிடலாம். முதன்மை கன்சோல் செத்தால், இரண்டரை நொடி மௌனத்துக்குப் பிறகு கருவிகள் தாமாகவே மற்றதன் பேச்சைக் கேட்கத் தொடங்கும். அதற்காக மாற்று கன்சோல் காட்சி முழுவதும் விழித்தபடி அதே எண்களைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சவாய் தியேட்டரின் அந்தச் சின்னச் சுடர் மாதிரி.

ஸ்விட்ச் என்ற புதிய ஆள்

டி.எம்.எக்ஸ். நாட்களில் கன்சோலுக்கும் விளக்குக்கும் நடுவே செம்புக் கம்பிதான். இப்போது நடுவில் ஸ்விட்ச் வந்து உட்கார்ந்துவிட்டது. அதற்கென்று சொந்த அபிப்பிராயங்கள் உண்டு.

எஸ்.ஏ.சி.என். ஒவ்வொரு யுனிவர்ஸையும் ஒரு மல்டிகாஸ்ட் குழுவாக அனுப்புகிறது. பத்திரிகை சந்தா போல, வேண்டும் என்று சொன்ன கருவிக்கு மட்டும் போகும். யார் வேண்டும் என்றார்கள் என்று ஸ்விட்ச் ஒட்டுக்கேட்டுக் குறித்துக்கொள்ளும், இதற்கு ஐ.ஜி.எம்.பி. ஸ்னூப்பிங் என்று பெயர். ஆனால் 'இன்னும் சந்தா வேண்டுமா?' என்று இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கேட்க நெட்வொர்க்கில் ஒருவர் வேண்டும். அந்தக் கேட்பவரை நியமிக்க மறந்துவிட்டால், எல்லாம் முதலில் அருமையாக ஓடும். கருவிகள் புதுப்பிக்காததால், வழக்கமான அமைப்பில் 260 நொடி கழிந்ததும் ஸ்விட்ச் சந்தாவை ரத்துசெய்யும். நான்கரை நிமிடத்தில் விளக்குகள் உறைந்து நிற்கும். ஸ்விட்சை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும், இன்னொரு நான்கரை நிமிடத்துக்கு. இரண்டு நிமிடம் சோதித்துவிட்டு டீ குடிக்கப் போனவருக்கு இது தெரியவே தெரியாது.

அடுத்தது வளையம். ஒரு கேபிள் அறுந்தால் இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டு பாதை போடுவது நியாயம்தான். ஆனால் சாதாரண ஸ்விட்சுகளை வளையமாக இணைத்தால் எல்லாருக்குமான ஒரு பாக்கெட் சுற்றிச் சுற்றிப் பெருகி நெட்வொர்க்கையே மூழ்கடிக்கும். இதைத் தடுக்க ரேடியா பெர்ல்மன் 1985ல் உருவாக்கிய ஸ்பானிங் ட்ரீ முறை இருக்கிறது. உபரிப் பாதையை மூடிவைத்து, தேவைப்படும்போது திறக்கும். பழைய வடிவத்தில் திறக்க 30 முதல் 50 நொடி ஆகும். ஆபீஸில் ஐம்பது நொடி யாருக்கும் உறைக்காது. மேடையில் ஐம்பது நொடியில் ஒரு காட்சியே முடிந்துவிடும். 2001ல் வந்த வேக வடிவம் இதைச் சில நொடிகளுக்குள் கொண்டுவந்தது. ஆனால் ஸ்விட்சில் அதைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்.

இந்த அனுபவங்களிலிருந்துதான், இன்று கவனமான தியேட்டர்களில் காணும் பழக்கங்கள் முளைத்தன. விளக்கு நெட்வொர்க் தனி. டிக்கெட் கவுண்டர் கம்ப்யூட்டரோ ரசிகர்களின் வைஃபையோ அந்தப் பக்கம் தலைகாட்டாது. ஒவ்வொரு கருவிக்கும் நிலையான முகவரி, அது ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கும். நூறு மீட்டருக்கு மேல் செம்புக் கேபிளில் ஈதர்நெட் போகாது, ஆகவே கன்சோலிலிருந்து மேடைக்கு ஃபைபர். சாதாரண நெட்வொர்க் பிளக்கின் பிளாஸ்டிக் நாக்கு ஒடிந்துபோவதால், மேடையில் உலோக உறை போட்ட பூட்டும் கனெக்டர்கள். ஸ்விட்சுக்கு யு.பி.எஸ். கட்டாயம். மின்சாரம் கண் சிமிட்டும் நேரம் போய்வந்தாலும் விளக்கு உடனே எரிந்துவிடும், ஆனால் ஸ்விட்ச் எழுந்து உட்கார ஒரு நிமிடத்துக்கு மேலாகலாம்.

வியன்னா கேட்ட கேள்விக்கும் பதில் வந்திருக்கிறது. அமெரிக்கத் தியேட்டர்களில் பார்வையாளர் பகுதி விளக்குகளை டி.எம்.எக்ஸ். வழியாக இயக்கினாலும், மின்தடையோ தீ எச்சரிக்கையோ வந்தால் நெட்வொர்க்கை ஒதுக்கித் தள்ளிவிட்டு அவசர விளக்குகளை முழு வெளிச்சத்தில் எரியவைக்கும் தனிக் கருவி இருக்கும். கன்சோல் என்ன சொன்னாலும் அது கேட்காது.

'கட்டளை போய்ச் சேர்ந்ததா' என்பதற்கும் 2006ல் ஒரு வழி பிறந்தது. ஆர்.டி.எம். என்ற அந்த முறையில் அதே டி.எம்.எக்ஸ். ஒயரில் விளக்கு திரும்பிப் பேசும். தன் முகவரி, எரிந்த மணிநேரம், சூடு எல்லாம் சொல்லும். இதிலும் ஒரு சிக்கல். 1986லேயே ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் ஒரு குறியீட்டு எண் வைத்திருந்தார்கள், பூஜ்யம் என்றால் விளக்கு மதிப்பு, வேறு எண் என்றால் வேறு விஷயம். சில கம்பெனிகள் எப்போதும் பூஜ்யம்தானே வருகிறது என்று அதைப் படிக்காமலே விட்டுவிட்டன. இருபது வருடம் எந்தத் தொந்தரவும் இல்லை. ஆர்.டி.எம். வந்ததும் அந்தப் பழைய கருவிகள் விசாரணைக் கேள்விகளை வெளிச்ச மதிப்பு என்று நினைத்துச் சிமிட்ட ஆரம்பித்தன. அதனால், ஆர்.டி.எம். வசதி இருந்தும், காட்சி நேரத்தில் அதை அணைத்துவைக்கும் ஆட்கள் உண்டு.

இவ்வளவுக்குப் பிறகும் டி.எம்.எக்ஸ். போய்விடவில்லை. 2004ல் அமெரிக்கத் தேசியத் தரமாகி, 2008ல் மறுபடி திருத்தப்பட்டு இன்னும் நிற்கிறது. பெரிய அரங்குகளில் கன்சோலிலிருந்து ஃபைபரில் புறப்பட்டு, ஸ்விட்சுகளைத் தாண்டி வரும் கட்டளை, மேடைக்கு மேலே ஒரு சின்னப் பெட்டிக்குள் நுழைந்து ஐந்து முனை கனெக்டர் வழியாக வெளியே வருகிறது. கடைசிச் சில மீட்டர் தூரத்தை அது 1986ம் ஆண்டின் ஒயரில்தான் கடக்கிறது. அந்த ஒயரின் முனையில் யாராவது ஒருவர் 120 ஓம் டெர்மினேட்டரைச் செருக இன்னமும் மறந்துகொண்டுதான் இருக்கிறார்.